மீட்புப் பெட்டியில் எவை இருக்க வேண்டும்?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயில், மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரியை அடையுமுன் நின்று செல்லும் எங்கள் அனுப்பம்பட்டிலும், இங்கிருந்து வடகிழக்கே பழவேற்காடு ஏரியை அண்டி வாழும் கோட்டைக்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் முதலான மீனவர் கிராமங்களிலும், முன்னொரு காலத்தில் அபூர்வ வஸ்துவாக இருந்த கணினி, படிக்கிற பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இன்று சர்வசாதாரணமான சாமானாகிவிட்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையும் அறிவித்தது. கொடுப்பதில் எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் ஏதுமில்லை. ஏழைப் பிள்ளையின் மடியில் ஒரு கணினி இருப்பது நாட்டுக்கே நன்மை. ஆனால் கொடுத்த கணினி ஒரு நாள் காலையில் கண் திறக்க மறுத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வியை, கொடுப்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

கேள்வி கேட்கப்படாவிட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. அருகிலுள்ள டவுனின் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் போட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்திடலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் வைத்தியம் முடிந்துவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஒரு நாளைக்குப் பல இயந்திரங்களைப் பார்த்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், அவருக்கு எளிதாகவும் நிச்சயமாகவும் தோன்றும் வழி அது. எனினும் அந்த ஒரு வாக்கியத்தோடு, ஸ்கேன் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழும், பாதி எழுதிய பிராஜெக்ட்டும், அப்பாவின் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காகச் சேர்த்து வைத்த வங்கிப் புத்தக நகலும், பாட்டியின் கடைசிப் படமும் போய்விடுகின்றன. இயந்திரம் பிழைத்துவிடுகிறது, எதற்காக அந்த இயந்திரத்தை வைத்திருந்தோமோ அது பிழைப்பதில்லை.

கரையோரத்தில் இத்தகைய சந்தர்ப்பங்கள் வருவதற்குக் காரணங்கள் அதிகம். உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கிறது. கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலும், மின்சாரமும் இணையமும் ஒருசேர இல்லாத நாட்கள் எப்படியிருக்கும் என்பதை வட சென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் நன்றாகவே காட்டிச் சென்றன. ஆகவே, கணினியோடு கூடவே ஒரு மீட்புப் பெட்டி, அதாவது இயங்குதளம் விழுந்துவிட்டபோதும் தானே எழுந்து நின்று வேலை செய்யக்கூடிய ஒரு பென்டிரைவ், ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி. அதனினும் முக்கியமாக, அந்தப் பென்டிரைவில் எந்தக் கருவிகள் இடம்பெற வேண்டும், எவை இடம்பெறலாகாது என்பதை நிர்ணயிக்கும் வேலை, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போடும் வேலையாக முடிந்துவிடக் கூடாது என்பதும் என் கட்சி.

பழவேற்காடு ஏரி ஆழமில்லாத ஏரி. அதில் இயந்திரம் பொருத்திய படகில் போகிறவர்கூட ஒரு நீளக் கழியைப் படகில் போட்டுக்கொண்டுதான் போகிறார். இயந்திரம் நின்றுபோனால் தரையில் ஊன்றித் தள்ளிக் கரைசேர அந்தக் கழி போதும். அந்தக் கழிக்கு டீசல் வேண்டாம், பாட்டரி வேண்டாம், இயந்திரத்தின் சம்மதம் வேண்டாம். மீட்புப் பெட்டிக்கான முதல் விதியும் இதுவே என்பேன்: எது கெட்டுப்போனதைச் சரிசெய்ய ஒரு கருவி வைக்கப்படுகிறதோ, அதையே அந்தக் கருவி நம்பியிருக்கலாகாது. கேட்பதற்கு வெகு சாதாரணமாகத் தோன்றும் இந்த விதியை, உலகத்தின் பெரிய நிறுவனங்களே மறந்து இடறியிருக்கின்றன.

2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவடைந்த அதே தினத்தில், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. அது நிறுவப்பட்ட இயந்திரங்கள் வழக்கம்போல் வேலை செய்தன. விசைப்பலகையும் மவுஸும் வழக்கம்போல் இயங்கின. ஆனால் இயந்திரம் விழுந்து, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மீட்புச் சூழலுக்குள் நுழைய நேர்ந்தவர்கள் கண்டது யாதெனில், அங்கே யுஎஸ்பி வழியாக இணைத்த விசைப்பலகையும் மவுஸும் அசையவில்லை என்பதே. கதவு திறந்திருந்தது, கருவிகள் கண்ணெதிரே அடுக்கப்பட்டிருந்தன, அவற்றில் ஒன்றையேனும் தொட வழியில்லை. பழைய வட்டச் செருகி வைத்த பிஎஸ்/2 விசைப்பலகை யாரிடமாவது இருந்திருந்தால் அது வேலை செய்திருக்கும். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 20 அன்று, அதற்குத் திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலோ வேறொரு விதமான தடுக்கல்: மீட்புச் சூழலுக்கென்று வந்த ஒரு புதுப்பிப்பு, ஹார்டுடிஸ்க்கில் மீட்புக்காக ஒதுக்கியிருந்த பகுதியில் 250 எம்பி இடம் காலியாக இல்லாத கணினிகளில் நிறுவ முடியாமல் தோற்றது. ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கிய அறையை, இடம் மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் சிறிதாகக் கட்டிவிட்டதன் பலன் அது.

இவ்விரண்டையும்விடப் பெரிது, 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையன்று நடந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், தன் ஃபால்கன் மென்பொருளுக்கான ஒரு சிறு கோப்பை, நமது நேரப்படி காலை 9.39 மணிக்கு உலகெங்கும் அனுப்பியது. கோப்பில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்றாலும், அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்; வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாகப் பத்து மட்டும் சிறிதளவு பாதிக்கப்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. இந்தச் சம்பவத்தில் நாம் நின்று நோக்கவேண்டிய விஷயம், நோய்க்கு இருந்த மருந்தின் எளிமைதான். ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதும், இயந்திரம் எழுந்துவிடும். உலகத்தில் எந்த இயங்குதளத்திலும் முதல் நாள் பாடத்தில் சொல்லித்தரப்படும், கோப்பை அழிக்கும் கட்டளைதான் அன்றைக்கு வேண்டியிருந்த முழு உபகரணம். ஆனால் அந்தக் கட்டளையைக் கொடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவது எப்படி? பிழையான கோப்பு இயந்திரம் எழும்போதே அதை வீழ்த்திவிடுவதால், தொலைவிலிருந்து இணையத்தின் வழியே திருத்த முடியவில்லை. மனிதர் ஒருவர் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்பும் போய் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவரிடம், ஹார்டுடிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்டது. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த இயந்திரமும் அதே நோயால் விழுந்திருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதிதான். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் தானே ஒரு மீட்புப் பென்டிரைவ் செய்துகொள்ளும் வழியை வெளியிட்டது. அது செய்த வேலையும் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான்.

இதிலிருந்து நான் பெறுகிற தீர்மானம் ஒன்று உண்டு. மீட்புப் பெட்டியில் முதல் இடம் பெறவேண்டியது எந்த நிரலுமன்று. அந்த 48 இலக்கத்தை எழுதி வைத்த காகிதம். இப்போது விற்கும் புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்தவுடனேயே ஹார்டுடிஸ்க் தானாகப் பூட்டப்படுவது சகஜமாகிவிட்டது. திருடனிடமிருந்து அது காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பூட்டப்பட்டிருப்பதே உரியவருக்குத் தெரியாது. சாவி இணையத்திலிருக்கும் அந்தக் கணக்கில் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லோ, கடையில் முதல்நாள் யாரோ வைத்துக் கொடுத்ததாக இருக்கும். சாவி இல்லாத மாணவரின் கையில் உலகத்திலுள்ள எல்லா மீட்புக் கருவிகளையும் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

கருவிகளைப் பொறுக்கி எடுக்கும் இந்த விவேகம் புதிதன்று. 1986-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், யூனிக்ஸ் இயங்கிய ஒரு வாக்ஸ் கணினியில், யாவற்றையும் அழிக்கும் கட்டளை தவறான இடத்தில் கொடுக்கப்பட்டு, பாதி வழியில் நிறுத்தப்பட்டது; அதற்குள் அடிப்படைக் கட்டளைகள் அனைத்தும் போய்விட்டன. அங்கிருந்த மரியோ வோல்ச்கோ பின்னர் எழுதிய விவரத்தின்படி, அவர்களைக் காப்பாற்றியது ஏற்கெனவே திறந்து கிடந்த ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி. கோப்புகளைப் பட்டியலிடக்கூடக் கட்டளை இல்லாத நிலையில், இயந்திர மொழியில் ஒரு சிறு நிரலை அதற்குள்ளேயே எண் எண்ணாகத் தட்டி, அதைக் கொண்டு வழி திறந்து, காந்த நாடாவில் இருந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டார்கள். மிகக் குறைவாக இருப்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு, 1995-இல், புரூஸ் பெரன்ஸ் என்பவர் டெபியன் லினக்ஸுக்காக, நிறுவுவதற்கும் மீட்பதற்கும் வேண்டிய அனைத்தும் 1.44 எம்பி கொள்ளளவுள்ள ஒற்றை ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்று உட்கார்ந்து, பல கட்டளைகளை ஒரே நிரலாகச் சுருக்கி பிஸிபாக்ஸ் என்னும் தொகுதியைச் செய்தார். ஆபத்துக்கென்று சுருக்கிய அந்தத் தொகுதிதான் இன்று எத்தனையோ வீடுகளின் இணைய ரௌட்டர்களுக்குள் ஓய்வின்றி வேலை செய்கிறது. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தாரோ, தங்கள் அன்றாடக் கட்டளைகளைப் பொது நூலகக் கோப்புகளை நம்பியிருக்குமாறு மாற்றியபோது, அந்த நூலகங்கள் கெட்டால் கட்டளைகளும் கெடுமே என்று யோசித்து, எதையும் நம்பாமல் தனியே இயங்கும் பிரதிகளை 'ரெஸ்க்யூ' என்ற தனி அடைவில் வைத்தார்கள். நான் மேலே சொன்ன முதல் விதிக்கு அது நேரான உருவம்.

"ஃபிளாப்பிக் காலம் போய்விட்டதே, சில நூறு ரூபாய்ப் பென்டிரைவில் 32 ஜிபி இருக்கிறதே, இருப்பதையெல்லாம் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். இடம் இருக்கிறது, ஆனால் நாளைக் காலையில் பிராஜெக்ட்டை ஒப்படைத்தாக வேண்டிய பிள்ளையின் மனத்தில், நள்ளிரவில், அறுபது கருவிகளை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடம் இல்லை. அன்றியும், மீட்புக் கருவிகளில் இரண்டு சாதி உண்டு: வட்டை, அதாவது ஹார்டுடிஸ்க்கை, படிப்பவை ஒன்று, வட்டில் எழுதுபவை மற்றொன்று. படிப்பது தவறாகப் போனால் நேரம்தான் நஷ்டம். எழுதுவது தவறாகப் போனால், மீட்க வேண்டியதே நஷ்டம். விண்டோஸில் பலரும் முதலில் நீட்டுகிற செக்டிஸ்க்கும் லினக்ஸில் உள்ள எஃப்எஸ்சிகேயும் எழுதுகிற சாதி. நல்ல வட்டில், திடீரென மின்சாரம் போனதால் ஏற்பட்ட குழப்பத்தை அவை அழகாகத் தீர்க்கும். செத்துக்கொண்டிருக்கும் வட்டில் அவற்றை ஓடவிட்டால், மிஞ்சியிருந்த மூச்சையும் அவையே பறித்துவிடக்கூடும். ஆகவே அவை பெட்டியில் இருக்கட்டும், கைக்கு முதலில் அகப்படாத இடத்தில் இருக்கட்டும். ஃபார்மட் செய்யும் கருவிக்கு மாணவர் பெட்டியில் இடமே வேண்டாம். அது கடையில் இருப்பது போதும்.

கைக்கு முதலில் அகப்பட வேண்டியது, வட்டின் உடல்நிலையைப் படித்துச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் என்ற சிறு கட்டளையும், அதற்கடுத்து டிடிரெஸ்க்யூவும். இந்த இரண்டாவது கருவியைப் பற்றி நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புவது, அது எங்கள் கரைக்கென்றே செய்ததுபோல் இருப்பதால். அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய இந்த இலவச நிரல், பழுதான வட்டில் முதலில் நல்ல பகுதிகளை வேகமாக நகலெடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பிவந்து அவற்றைப் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கிறது. எதுவரை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் நின்று போனாலும், வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நகல் கைக்கு வந்தபின், பழுதுபார்க்கும் துணிச்சலையெல்லாம் நகலின்மேல் காட்டலாம். மூலத்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. தவறி அழித்த கோப்புகளையும், தொலைந்துபோன வட்டுப் பகுதிகளையும் தேடிக் கொடுக்கும், கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவரின் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இரண்டுக்கும் அடுத்த இடம் தரலாம்.

வைரஸ் தேடும் மென்பொருளை நான் சேர்க்கமாட்டேன். நோய்க்குறிப்புகள் நாள்தோறும் மாறுகின்றன. பெட்டியில் இருப்பது ஒரு வருஷம் பழையதாயிருக்கும், புதுப்பிக்க இணையம் வேண்டும். கடவுச்சொல்லை உடைக்கும் கருவியும் வேண்டாம். பூட்டிய வட்டில் அதற்கு வேலையில்லை, பூட்டாத வட்டில் அது இல்லாமலே கோப்புகளை எடுத்துவிடலாம், பிறர் இயந்திரத்தில் நுழைய மட்டுமே அது மிச்சம். நினைவகச் சோதனை நிரல் வேண்டும். அதனோடு ஒரு சிறு திருப்புளியும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிப்பான் ரப்பர் ஒன்றும் பெட்டியில் கிடக்கட்டும். கணினி பழுதுபார்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார், ரேம் பலகையின் பித்தளை நிற முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியதும் எழுந்து கொண்ட இயந்திரங்கள் எத்தனை என்று. உப்புக்காற்றுக்கு எந்த நிரலும் மருந்தாகாது.

வேறு பல இடங்களில் யாரும் நினைக்காத, தமிழ்நாட்டில் நினைத்தே தீரவேண்டிய ஒரு சாமான் எழுத்துருக்கள். நம் ஊர்களில் பழைய அலுவலகக் கடிதங்களும், சங்கங்களின் தீர்மானங்களும், கோயில் வரவுசெலவுகளும் யூனிகோட் வருமுன் இருந்த வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மீட்டெடுக்கும் பிள்ளை அதைப் பார்த்து, கோப்பே கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டி வீசிவிடுவது எவ்வளவு எளிது! ஆகவே எளிய ஆவணம் காட்டும் நிரல் ஒன்றும், இந்த எழுத்துருக்களும் பெட்டியில் இருந்தாக வேண்டும். நகலெடுத்த கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து, வாசித்துப் பார்த்தபின்பே அது மீண்டதாகக் கொள்ள வேண்டும்.

தமிழ் என்றவுடன் வேறொரு சங்கடமும் முன்னே வருகிறது. லினக்ஸின் வெறும் எழுத்துத்திரை, ஒரு சமயத்தில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் கொள்ளாது. கொம்பும் கொக்கியும் முன்னும் பின்னும் வந்து சேர்கிற நம் எழுத்துக்களைக் கோத்துக் காட்டும் திறமையும் அதற்கு இல்லை. வரைகலைத் திரை எழாத மோசமான தருணத்தில், தமிழில் ஒரு வரி வழிகாட்டவும் அந்தத் திரையால் ஆகாது. எனவே வழிகாட்டி அச்சடித்த தாளாகத்தான் இருக்க முடியும். பெரிய எழுத்தில், நல்ல தமிழில், ஈரத்தில் ஊறாத உறையிட்ட ஒரே தாள். பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்ப, டெல்லிலும் ஏசரிலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9 என்பதுபோல், தமக்குக் கொடுக்கப்பட்ட மாடலுக்கு எந்த விசை என்று முதல் வரியிலேயே அது சொல்ல வேண்டும். முதலில் படி, பிறகு நகலெடு, நகலைத் திறந்து பார், அதன்பின் பழுதுபார் என்ற வரிசையைச் சொல்ல வேண்டும். 48 இலக்கத்தை எழுதிக்கொள்ள அதன் கீழே கட்டங்கள் விட்டிருக்க வேண்டும்.

இதைச் செய்வதற்கு ஆட்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் மையம் சென்னையிலேயே இருக்கிறது; அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்த எல்காட்டும் இங்கேயே இருக்கிறது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக் கொடுத்ததனால், வட்டு போனபோது இரண்டும் சேர்ந்து போயின. அந்த இரண்டாவது இயங்குதளத்தில் ஒரு சிறு கூற்றை எடுத்துத் தனியே ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால், மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமான செலவில், எத்தனையோ வீடுகளின் கோப்புகள் பிழைத்திருக்கும்.

பென்டிரைவும் இழுப்பறையில் கிடந்து கெடக்கூடிய வஸ்துதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களிலும் கல்லூரிகளிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளைகள் அனைவரும் தத்தம் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பி, இணையத்தைத் துண்டித்து வைத்துக்கொண்டு, ஒரு கோப்பையாவது வெளியே நகலெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். எந்தக் கருவி அன்றைய தினம் எழவில்லையோ, எதை எடுத்துக் கையாளப் பிள்ளைகளுக்குப் புரியவில்லையோ, அதை அடுத்த வருஷத்துப் பதிப்பிலிருந்து நீக்கிவிடலாம். எதைக் காணோமென்று பலரும் தேடினார்களோ, அதைச் சேர்க்கலாம். முதல் சுற்றுக்கு மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வட்டாரப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுமாறு எல்காட்டையும் பள்ளிக்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.